ஸ்பேஸ் ஷூட்டரில் மூன்றாவது ஸ்டேஜைத் தாண்ட முடியவில்லையே, வயதாகிவிட்டதா?

கேள்வி இதுதான்: பழைய ஆர்கேட் பாணியில் ஒரு ஸ்பேஸ் ஷூட்டரை, அதாவது விண்கலத்தை ஓட்டி எதிரிகளைச் சுடும் ஆட்டத்தை, டவுன்லோடு செய்திருக்கிறீர்கள். செத்த இடத்திலிருந்தே தொடரவிடும் கன்டினியூவை அழுத்திக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அழுத்தாமல் ஆடினால் மூன்றாவது ஸ்டேஜிலேயே மூன்று உயிரும் போய்விடுகிறது. நாற்பதைத் தாண்டிய கைக்கு இந்த வேகம் இனி வராதா, அல்லது ஆட்டமே அநியாயமாகச் செய்யப்பட்டதா என்று கேட்கிறீர்கள். வேறு எதை ஆடலாம் என்றும் கேட்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. இந்த ஆட்டங்கள் அனிச்சை வேகத்தைச் சோதிப்பவை என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆடிப் பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கணக்கைப் பாருங்கள். கண்ணில் ஒன்று பட்டு விரல் அசைய, சராசரி மனிதருக்கு 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகிறது. ஆட்டம் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடுகிறது, ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. நீங்கள் பார்த்து, புரிந்து, விசையை அழுத்துவதற்குள் 12 முதல் 15 ஃபிரேம் கடந்துவிடும். இருபது வயதுக்காரருக்கும் இதில் பெரிய சலுகை கிடையாது. திரை நிறையத் தோட்டா பாயும்போது ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து விலகுவது யாராலும் ஆகாது. நன்றாக ஆடுகிறவர் முன்கூட்டியே நகர்ந்துவிடுகிறார், அவ்வளவுதான். எது எங்கிருந்து வரும், வந்தால் எங்கே சுடும் என்பது அவருக்குத் தெரியும்.

அதனால் முதலில் கற்க வேண்டியது தோட்டாக்களை இனம் பிரிப்பது.

ஒரு வகை, உங்களைக் குறிவைத்து வருவது. புதிதாக ஆடுபவர்களை அதிகம் கொல்வது இதுதான், தப்பிக்க மிகச் சுலபமானதும் இதுதான். எதிரி சுட்ட கணத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்களோ அந்தப் புள்ளிக்குத்தான் தோட்டா போகும். அதன்பின் உங்களைத் துரத்தாது. ஆகவே ஒரு கலத்தின் அகலம் நகர்ந்தாலே போதும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பயந்துபோய்த் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடுகிறோம். ஓடும் வழியெல்லாம் எதிரிகள் நம்மைக் குறிவைத்துச் சுட, திரை முழுவதும் தோட்டாவை நாமே விதைத்துவிடுகிறோம். பழகியவர் ஒரு மூலையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டி ஒரே திசையில் நகர்வார். தோட்டாக்கள் அவருக்குப் பின்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். மறு மூலை நெருங்கும்போது சட்டென ஒரு பெரிய நகர்வு. அந்த நகர்வால் தோட்டா வரிசையில் ஓர் இடைவெளி விழும். அதன் வழியே திரும்பிப் பழைய மூலைக்கு வந்துவிடுவார். இது ஒன்றைக் கற்றாலே மூன்றாவது ஸ்டேஜில் பாதித் தொல்லை ஒழியும்.

இதே வகையில் ஒரு நுணுக்கம் உண்டு. குறிவைத்த தோட்டாக்கள் விசிறி போல விரிந்து வரும்போது எத்தனை என்று பாருங்கள். ஒற்றைப்படை என்றால் நடுத்தோட்டா உங்கள் மேல் வரும், விலக வேண்டும். இரட்டைப்படை என்றால் நடுவில் வெற்றிடம்தான். அசையாமல் நின்றால் இரு பக்கமும் உரசிக்கொண்டு போய்விடும், அசைந்தால்தான் சாவு. தெரியாதவருக்கு இது அதிர்ஷ்டம் போலத் தெரியும்.

இரண்டாம் வகை, நீங்கள் எங்கே நின்றாலும் கவலைப்படாமல் ஒரே வடிவத்தில் வருவது. சுழல், வட்டம், சுவர் என்று பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் அதே இடத்தில் அதே இடைவெளி இருக்கும். ஒருமுறை இடத்தைக் குறித்துக்கொண்டால் முடிந்தது. மூன்றாம் வகை, குறியில்லாமல் கண்டபடி சிதறுவது. இதை மட்டும்தான் உண்மையில் அந்தக் கணத்தில் படித்து விலக வேண்டும். இதற்குப் பார்வையைச் சொந்தக் கலத்தின் மேல் வைக்கக் கூடாது. கலத்துக்குச் சற்று மேலே, தோட்டாக்கள் வந்துசேரப் போகும் இடத்தில் கண் இருக்க வேண்டும். கலம் ஓரப்பார்வையில் தெரிந்தால் போதும்.

அடுத்தது ஹிட்பாக்ஸ். திரையில் தெரியும் கலம் முழுவதும் உங்கள் உடம்பு இல்லை. தோட்டா பட்டால் சாகும் பகுதி அதற்குள் இருக்கும் ஒரு சின்னச் சதுரம் மட்டுமே. ஜப்பானின் கேவ் நிறுவனம் செய்த 'டோன்பாச்சி' (1995), 'டோடோன்பாச்சி' (1997) போன்றவற்றில் அது சில பிக்சல்கள்தான். இறக்கையில் தோட்டா ஊடுருவிப் போனாலும் ஒன்றும் ஆகாது. திரை நிறையத் தோட்டா பாயும் புல்லட் ஹெல் என்ற வகை சாத்தியமானதே இந்தச் சலுகையால்தான். பழைய ஆட்டங்களில் இந்தத் தாராளம் கிடையாது. 1985இல் வந்த கொனாமியின் 'கிரேடியஸ்' போன்றவற்றில் தோட்டாக்கள் குறைவு, ஆனால் கலத்தின் உடம்பு பெரிது. உங்கள் ஆட்டம் இதில் எந்தப் பக்கம் என்று முதல் ஸ்டேஜிலேயே வேண்டுமென்றே உரசிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் கலம் மெதுவாகும் வசதி இருந்தால் அதைக் கட்டாயம் பழகுங்கள். 'டோஹோ' வரிசையில் ஷிஃப்ட் விசை அதைச் செய்யும். டோடோன்பாச்சியில் சுடும் விசையை அழுத்தியே வைத்திருந்தால் லேசர் வரும், கலமும் வேகம் குறையும்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: கிட்டே போய்ச் சுடுவது. திரையின் அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டு ஆடுவதுதான் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் தோன்றும். பல ஆட்டங்களில் அதுவே உங்களைக் கொல்கிறது. காரணம் இந்த வகையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. டைட்டோவுக்காக டொமொஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் உங்கள் தோட்டா ஒன்றுதான் ஒரு நேரத்தில் திரையில் இருக்கலாம். அது எதையாவது தாக்கும்வரை, அல்லது திரையை விட்டுப் போகும்வரை, அடுத்ததைச் சுட முடியாது. ஆகவே எதிரி கீழே இறங்கி வர வர உங்கள் சுடும் வேகம் கூடும். குறி தவறினால் அந்தத் தோட்டா உச்சிவரை போய்ச் சேரும்வரை நீங்கள் நிராயுதபாணி. 1981இல் வந்த நாம்கோவின் 'கேலகா'வில் இந்த வரம்பு இரண்டு தோட்டா. இன்றைய ஆட்டங்களில் எண்ணிக்கை பெரிதாகியிருந்தாலும், திரையில் இத்தனைதான் என்ற வரம்பு பலவற்றில் தொடர்கிறது. ஸ்டேஜின் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸ் சுடாமல் இருக்கும் ஓரிரு விநாடிகளில் மேலே ஏறி, முகத்துக்கு நேராக நின்று சுட்டுப் பாருங்கள். அதன் உயிர் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது தெரியும். பாஸ் சீக்கிரம் செத்தால், அதன் மோசமான கடைசித் தாக்குதல்கள் வரவே வராது.

கேலகாவை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். எதிரியின் கதிரில் வேண்டுமென்றே ஒரு கலத்தைச் சிக்கவிட்டு, பிறகு மீட்டால், இரண்டு கலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இரட்டையாகச் சுடும். ஆனால் அடிபடும் அகலமும் இரட்டிப்பாகும். ஓர் உயிரைப் பணயம் வைத்து வாங்கும் பலம், அதற்கு விலையாக ஒரு பலவீனம். நாற்பது வருடங்களுக்குப் பிறகும் இதைவிட அழகான பவர்-அப் (கலத்துக்குப் பலம் கூட்டும் வசதி) வரவில்லை என்பது என் எண்ணம்.

ஆட்டம் நியாயமா என்ற கேள்விக்கு, அது எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். ஆர்கேட் எந்திரம் காசு போட்டால் ஓடுவது. புதியவர் சில நிமிடங்களில் தோற்று இடத்தைக் காலி செய்ய வேண்டும், ஆனால் "இன்னொரு தடவை ஆடினால் தாண்டிவிடலாம்" என்ற நம்பிக்கையோடு தோற்க வேண்டும். அதனால்தான் முதல் ஸ்டேஜ் கொஞ்சும், இரண்டாவது எச்சரிக்கும், மூன்றாவது அடிக்கும். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எதிரிகள், தரையிலிருந்து பீரங்கிகள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் சேர்ந்து வரத் தொடங்கும். நீங்கள் மட்டும் அங்கே நிற்கவில்லை, எல்லோரும் அங்கேதான் நின்றோம்.

கஷ்டம் எல்லாமே திட்டமிட்டு வைத்தது என்றும் சொல்ல முடியாது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள் 5 வரிசையாக நிற்பார்கள். அன்றைய செயலி ஒரு ஃபிரேமுக்கு ஓர் எதிரியைத்தான் நகர்த்தியது. எதிரிகள் சாகச் சாக, மிச்சமிருப்பவர்களின் முறை சீக்கிரம் வர, படை தானாகவே வேகமெடுத்தது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவைத்தார். ஆட ஆடக் கடினமாகும் என்ற விதி பாதி அங்கிருந்து வந்தது.

உண்மையிலேயே அநியாயமானது ஒன்று இருக்கிறது. கிரேடியஸ் போன்ற ஆட்டங்களில் செத்தால், சேர்த்துவைத்த ஆயுதம் மொத்தமும் போய், கொஞ்சம் பின்னால் வெறுங்கலத்தோடு நிறுத்தப்படுவீர்கள். நடுவழியில் ஒருமுறை செத்தால் அந்த ஆட்டமே போச்சு. கிரேடியஸை வீட்டு எந்திரத்துக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோ, தாமே ஆடிச் சோதிக்க முடியாமல், எல்லா ஆயுதமும் ஒரேயடியாகக் கிடைக்க ஒரு ரகசிய விசை வரிசையை உள்ளே வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. உலகப் புகழ்பெற்ற கொனாமி கோட் அதுதான். உருவாக்கிய ஆளுக்கே முடியவில்லை என்பதை நினைத்துக்கொண்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கன்டினியூ பற்றி என் கருத்து கடுமையானது. காசு போடும் எந்திரத்தில் அதற்கு ஒரு விலை இருந்தது. வீட்டில் அது இலவசம் ஆனதும் ஆட்டத்தின் உயிரே போய்விட்டது. அரை மணி நேரத்தில் கடைசி பாஸைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று அழித்துவிடுகிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் எதையும் கற்கவில்லை, ஏனென்றால் தோற்ற இடத்தைத் திரும்பச் சந்திக்கவே இல்லை. இந்த ஆட்டங்களை விரும்புகிறவர்கள் முடிப்பது என்று சொல்வது ஒரே கிரெடிட்டில், கன்டினியூ இல்லாமல் கடைசிவரை போவதைத்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் அரை மணி நேர ஆட்டம் பல மாதங்களுக்குத் தாங்கும்.

அப்படி ஆட என்ன வழி? முதலில் பாமை, அதாவது ஆபத்தில் திரையைத் துடைத்தெடுக்கும் குண்டை, செலவழியுங்கள். கையிருப்பில் இரண்டு பாம் இருக்கும்போதே சாவதுதான் புதியவரின் அடையாளம். பெரும்பாலான ஆட்டங்களில் செத்தால் புது உயிரோடு பாமும் நிரம்பி வரும், ஆக மிச்சம் பிடித்த பாம் யாருக்கும் பயனில்லை. ஆபத்து வந்தபின் அழுத்தலாம் என்று காத்திருந்தால், முன்பு சொன்ன அந்த 250 மில்லிவிநாடி உங்களைத் தோற்கடிக்கும். எந்த இடத்தில் போடுவது என்று முன்பே முடிவுசெய்து, அந்த இடம் வந்ததும் யோசிக்காமல் போட்டுவிடுங்கள்.

பிறகு, செத்த இடங்களைக் குறித்துவையுங்கள். காகிதத்திலேயே எழுதலாம். "இடப்பக்கப் பீரங்கி, பெரிய கப்பல் வருவதற்கு முன்" என்ற அளவில் போதும். அடுத்த முறை அந்தப் பீரங்கி திரைக்குள் வரும்போதே நீங்கள் அதன் எதிரே நிற்க வேண்டும். திரையில் எத்தனை தோட்டா இருக்கிறது என்பது, எத்தனை எதிரிகளை உயிரோடு விட்டீர்கள் என்பதைப் பொறுத்ததே. சீக்கிரம் கொன்றால் விலக வேண்டிய தேவையே வராது. ஸ்டேஜைத் தனியாக ஆடிப்பார்க்கும் பயிற்சி வசதி இருந்தால் மூன்றாவதை மட்டும் எடுத்து ஆடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கைதேர்ந்தவர் ஆடும் வீடியோவையும் பார்க்கலாம், ஆனால் அவர் எப்படி விலகுகிறார் என்று பார்க்காமல் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஸ்கோர் கணக்கை இப்போதைக்கு மறந்துவிடலாம், கூடுதல் உயிர் எத்தனை புள்ளியில் கிடைக்கிறது என்பதைத் தவிர.

சில சமயம் குற்றம் கருவியில் இருக்கும். டிவியில் ஆடினால் கேம் மோடைப் போடுங்கள், இல்லையென்றால் படத்தை மெருகேற்றும் வேலையில் டிவி பல ஃபிரேம்களைத் தின்றுவிடும். படத்தைத் திரையின் வேகத்தோடு இணைக்கும் வி-சிங்க் வசதியை அணைத்துப் பார்த்து வித்தியாசம் தெரிகிறதா என்று கவனியுங்கள். கீபோர்டில் ஆடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: மலிவான கீபோர்டுகள் சில, இரண்டு அம்புக்குறி விசைகளோடு மூன்றாவதாக ஒன்றை அழுத்தினால் அதைப் பதிவு செய்யாது. மூலைவாட்டில் போகும்போது மட்டும் சுடுவது நின்றால் இதுதான் காரணம். சுடும் விசையை வேறிடத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு கன்ட்ரோலரை மாட்டுங்கள்.

எதை ஆடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 1995இல் வந்த 'டைரியன்' 2004இல் இலவசமாக்கப்பட்டது. 'ஓப்பன்டைரியன்' என்ற பெயரில் இன்றைய கணினிகளிலும் ஓடும். அற்புதமான ஆட்டம். ஆனால் அது ஆர்கேட் மரபு இல்லை, கணினி மரபு. கவசம் உண்டு, பணம் சேர்த்துக் கடையில் ஆயுதம் வாங்கலாம், 1994இல் வந்த 'ராப்டர்' போல. ஓர் அடியில் சாவதில்லை என்பதால் மேலே சொன்ன பாடங்களை அது கற்றுத்தராது. 1999இல் தொடங்கிய 'சிக்கன் இன்வேடர்ஸ்' இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே அடியில் உயிர் போகும், ஆனால் தோட்டாவுக்குப் பதில் முட்டை விழுவதால் யாருக்கும் கோபம் வராது. கை பழக நல்ல இடம்.

விலகுவதை மட்டும் தனியாகக் கற்க வேண்டுமென்றால் 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த 'ஜியோமெட்ரி வார்ஸ்: ரெட்ரோ எவால்வ்டு' ஆட்டத்தில் பாசிஃபிசம் என்று ஒரு சாதனை இருந்தது. ஒருமுறைகூடச் சுடாமல் முதல் 60 விநாடி பிழைத்திருக்க வேண்டும். இதை உங்களிடம் இருக்கும் ஆட்டத்தின் முதல் ஸ்டேஜிலேயே செய்துபார்க்கலாம். சுடும் விசையைத் தொடாமல் ஆடும்போதுதான் எதிரிகள் எப்படிச் சுடுகிறார்கள் என்பதைக் கண் முதன்முதலாகக் கவனிக்கும்.

புல்லட் ஹெல் பக்கம் போக ஆசையிருந்தால், கென்டா சோ இலவசமாகத் தந்த 'ரூட்டேஜ்' பாஸ் சண்டை மட்டுமே கொண்டது. சின்னச் சின்ன ஆட்டங்களாக ஆடலாம். டோஹோ வரிசையின் சோதனைப் பதிப்புகளில் முதல் மூன்று ஸ்டேஜ் இலவசமாகவே கிடைக்கும், எளிய நிலையில் தொடங்குங்கள். 2001இல் ஆர்கேடுக்கு வந்த ட்ரெஷரின் 'இக்காருகா' 2014 முதல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கிறது. கலத்தின் நிறத்தைக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் மாற்றலாம். தன் நிறத் தோட்டாவை அது விழுங்கும், எதிர் நிற எதிரிக்கு இரட்டிப்புச் சேதம் தரும். மொத்தம் ஐந்து அத்தியாயம்தான். அனிச்சை வேகத்தைவிட மனப்பாடம் எவ்வளவு பெரியது என்பதை அதைப்போலக் காட்டும் ஆட்டம் வேறில்லை. ஆனால் இதையே முதலாவதாக எடுத்தால் வெறுத்துவிடுவீர்கள்.

'பேட்டில் கரெக்கா' (1996) நல்லது என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் வாங்காதீர்கள். நீங்கள் சுடச் சுட, பவர்-அப் எடுக்க எடுக்க, அது உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு எதிரிகளைக் கடினமாக்கும். அதைத் தணிக்க, தேர்ந்தவர்கள் இடையிடையே வேண்டுமென்றே ஓர் உயிரைக் கொடுப்பார்கள். உங்கள் ஆட்டத்திலும் இப்படியொரு ஏற்பாடு இருக்கிறதா என்று மட்டும் சோதித்துப் பாருங்கள். எல்லா ஆயுதமும் நிரம்பிய நிலையில் மூன்றாவது ஸ்டேஜ் ஒருமுறை, குறைந்த ஆயுதத்தோடு ஒருமுறை. இரண்டாவது முறை தோட்டாக்கள் மெதுவாக வந்தால், கண்ணில் படும் பவர்-அப்பையெல்லாம் ஓடி ஓடிப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, பாஸ் வருவதற்குச் சற்று முன்னால் வருகிறவற்றை மட்டும் எடுங்கள்.